அஞ்சலைக்கு வந்தது சோம்பல் இல்லை

நான் மிட்வைஃப் வேலையில் சேர்ந்தபோது, வெள்ளைக்காரர் காலத்தில், உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. திண்டிவனத்தில் தங்கி, ஒலக்கூர் முதல் கூட்டேரிப்பட்டு வரை ஊர் ஊராகப் போய்ப் பிரசவம் பார்க்க வேண்டும். இன்று இந்த வேலைக்கு வரும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன்.

அந்த ஊர்களில், மாசமாக இருப்பவள் வயிறாரச் சாப்பிட்டால் பிள்ளைக்கு உள்ளே இடம் போதாது என்பார்கள். சீம்பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கீழே விடுவார்கள். பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுத்தால் ஜன்னி வரும் என்று, நாக்கு வறண்டு கிடந்தாலும் ஒரு மடக்குக்கு மேல் தரமாட்டார்கள். நான் சண்டை போட்டு, சொம்பை வாங்கி நானே குடிக்கக் கொடுப்பேன். பல வீடுகளில் என் பேச்சு எடுபட்டது. எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்ற நினைப்பும் கூடவே வந்துவிட்டது.

அஞ்சலை வாழ்க்கைப்பட்டது கூட்டேரிப்பட்டுக்குப் பக்கத்து ஊரில். தாய் இல்லாதவள் என்பதால் தலைப்பிரசவம் புருஷன் வீட்டிலேயே, ஆண் குழந்தை, சிக்கல் எதுவும் இல்லை. பத்தாம் நாள் பார்க்கப் போனேன். அவள் மாமியார் பூங்காவனம் வாசலிலேயே என்னை நிறுத்தினாள்.

"நர்சம்மா, அவ அவளாவே இல்ல. புள்ள அழுவுது, இவ செவுத்தப் பாத்துக்கினு உக்காந்திருக்கிறா. கண்ண மூடித் தூங்கறதும் இல்ல. காத்து கருப்பு எதனா அண்டியிருக்குமோன்னு பயமா இருக்குதும்மா."

பேய் பேச்சைக் கேட்டதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "காத்தும் இல்ல, கருப்பும் இல்ல. உன் மருமகளுக்குச் சோம்பல், அவ்வளவுதான்" என்றேன்.

உள்ளே அஞ்சலை மெதுவாகச் சொன்னாள். "என்னால முடியலம்மா. இது என் புள்ள மாதிரியே தெரியல."

"பெத்தவ பேசற பேச்சா இது? புள்ள இல்லாம எத்தினி பேரு தவிக்கிறாங்க தெரியுமா? எழுந்து வேலையப் பாரு, எல்லாம் சரியாப் போயிடும்."

அவள் தலையாட்டினாள். நான் ரிஜிஸ்டரில் 'தாயும் சேயும் நலம்' என்று எழுதிவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் அஞ்சலை குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டு எங்கேயோ நடந்து போய்விட்டாள். மூன்று நாள் கழித்து, விழுப்புரம் ஜங்ஷன் பிளாட்பாரத்தில் அவள் உட்கார்ந்திருந்ததை ஊர்க்காரர் ஒருவர் பார்த்துக் கூட்டி வந்தார். புருஷன் வீட்டுக்குள் விடவில்லை. "புள்ளயப் போட்டுட்டு ஓடினவ எனக்கு வேணாம்" என்றான். அவளுடைய அப்பா வந்து ஒலக்கூரில் இருந்த தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். குழந்தை ஆட்டுப் பாலில் வளர்ந்தது. ஊரோடு சேர்ந்து நானும் அவளைக் குறைதான் சொன்னேன்.

ஒரு வருஷத்துக்குப் பிறகு விழுப்புரத்தில் ஒரு லேடி டாக்டரிடம் இதை ஏதோ வேடிக்கைக் கதை போலச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"அது வியாதிம்மா. பிரசவம் ஆனப்புறம் சில பேருக்கு மனசு அப்படி ஆயிடும். தூங்க வெச்சு, கூடவே ஆள் இருந்து பாத்துக்கிட்டா அநேகமா தேறிடுவாங்க. வீட்டுல யாரும் உங்ககிட்ட சொல்லலையா?"

சொன்னார்கள். பூங்காவனம் என்னை வாசலிலேயே நிறுத்திச் சொன்னாள்.

மறுநாளே அஞ்சலையின் புருஷன் வீட்டுக்குப் போனேன். அவன் வேறு கல்யாணம் செய்துகொண்டிருந்தான். பூங்காவனம் பேரனை இடுப்பில் வைத்திருந்தாள். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "எனக்கு அதுக்குப் பேரு தெரியல, பேயின்னேன். படிச்சவங்க, உங்களுக்குத் தெரியும்னுதானம்மா சொன்னேன்" என்றாள்.

அங்கிருந்து ஒலக்கூர் போனேன். மல்லாட்டைக் கொல்லையில், வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவே களை வெட்டிக்கொண்டிருந்த அஞ்சலை நன்றாகத் தேறியிருந்தாள். அது வியாதி என்றும், தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். களைக்கொட்டைக் கீழே வைத்தாள்.

"நானும் சோம்பேறின்னுதாம்மா நெனச்சிக்கினு இருந்தேன்" என்றாள். பிறகு, "நடக்கிறானா?" என்று கேட்டாள்.

"இடுப்ப விட்டு எறங்கி ரெண்டு அடி வெக்கிறான்" என்றேன். அவள் களைக்கொட்டை எடுத்துக்கொண்டு மறுபடி குனிந்தாள்.

அதன் பிறகு எந்த வீட்டிலும், பெற்றவள் தூங்கினாளா, மனசு எப்படி இருக்கிறது என்று கேட்காமல் நான் ரிஜிஸ்டரைத் திறந்ததில்லை. வீட்டுப் பெண்கள் பேய் என்று சொன்னால் பேயை மட்டும் தள்ளிவிட்டு, அவர்கள் கண்ணால் பார்த்ததைக் காது கொடுத்துக் கேட்டேன். அப்படிக் கேட்டதால் சில பெண்கள் பிழைத்துக்கொண்டார்கள். அஞ்சலையின் மகன் வேறொருத்தியை அம்மா என்று கூப்பிட்டு வளர்ந்தான்.