ரைட் சொன்னது நான்தான்

இங்கிலீஷ் படிக்காத என் அம்மாவுக்குக்கூட ஒரு இங்கிலீஷ் சொல் நன்றாகத் தெரியும். ரைட். எங்கள் வீட்டில் பொழுது விடிவதே அந்தச் சொல்லோடுதான். அப்பா கன்டோன்மென்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். பல் விளக்கும்போதே வாசலில் ‘லெஃப்ட், ரைட்’ என்று கால் மாற்றிக்கொண்டிருப்பார். வீட்டில் ஏதாவது பேச்சு வளர்ந்தால் ‘ஆல் ரைட்’ என்பார். மற்ற வீடுகளில் அதற்குச் சம்மதம் என்று அர்த்தம். எங்கள் வீட்டில், இனி யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று அர்த்தம். அம்மா உடனே அடுப்படிக்குள் போய்விடுவாள்.

பள்ளிக்கூடத்தில் ரைட் என்றால் சிவப்பு மசியில் சாய்வாக ஒரு கோடு. என் நோட்டில் அது நிறையவே விழுந்தது. பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுதத்தான் நினைத்தேன், பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அண்ணன் சட்டம் படித்துக்கொண்டிருந்தான். அவன் வாயில் ரைட் என்றால் உரிமை. சிநேகிதர்களோடு உட்கார்ந்து தேசத்தின் ரைட், ஜனங்களின் ரைட் என்று மணிக்கணக்கில் பேசுவான். அவனுக்கு முன்னால் நான் செய்தித்தாளை எடுத்துவிட்டால் மட்டும், “உனக்கு என்னடி ரைட்டு இருக்கு?” என்று பிடுங்கிக்கொள்வான்.

இத்தனையும் கேட்டு வளர்ந்ததில் எனக்கு ஒன்று விளங்கியது. ரைட் சொல்கிறவர் ஒருவர், சொன்னதும் நகர்கிறவர் இன்னொருவர். எங்கள் வீட்டில் நகர்கிறவர்கள் அம்மாவும் நானும்.

யுத்த காலத்தில் ஆனேக்கல் பெண்கள் பள்ளியில் எனக்கு உபாத்தியாயினி வேலை கிடைத்தது. திங்கட்கிழமை பதினோரு மணிக்குள் வந்து கையெழுத்துப் போடவேண்டும், தவறினால் வேலை அடுத்த பெயருக்குப் போய்விடும் என்று உத்தரவில் இருந்தது. தனியாக ஆனேக்கல் போவதா என்று அண்ணன் குதித்தான். மூன்று நாள் சோறு இறங்காமல் கிடந்தேன். கடைசியில் அப்பா, “ஒரு தடவை போய்ப் பாரு. வேலை கைவிட்டுப் போச்சுன்னா வீட்டோட இருக்கணும், மறுபேச்சு கூடாது. ஆல் ரைட்?” என்றார். நான் தலையாட்டினேன். அம்மா அடுப்படிக்குள் போனாள்.

அப்போது பெட்ரோல் கிடையாது. பின்பக்கம் அண்டா மாதிரி ஒன்றைக் கட்டி, அதில் கரியை எரித்து, அந்தக் காஸ் புகையில் பஸ் ஓடும். மேட்டைக் கண்டால் மூச்சு வாங்கும். திங்கட்கிழமை விடியற்காலையிலேயே பஸ் ஸ்டாண்டுக்கு வந்து டிரைவருக்குப் பின்னால் முதல் வரிசையில் இடம் பிடித்தேன். கண்டக்டர் ‘ரைட்’ என்று கத்தினால்தான் வண்டி கிளம்பும். அந்தக் குரல் கேட்காமல் டிரைவர் கியரில் கை வைக்கமாட்டார்.

வழியில் பொம்மனஹள்ளியில் மரத்தடியில் சரிகைத் தலைப்பாகையோடு ஒரு பெரிய மனிதர் நின்றிருந்தார். கண்டக்டர் குதித்து இறங்கிக் கும்பிடு போட்டான். பிறகு ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தான்.

“இந்தாம்மா, எழுந்து பின்னாடி போ. அய்யா குந்தணும்.”

“பின்னாடி இடம் இருக்கே. அய்யா அங்க உக்காரட்டும்.”

“முன் வரிசை பெரியவங்களுக்கு. கொத்தில்லையா, தெரியாதா உனக்கு? பேக, சீக்கிரம் எழும்மா.”

அது எங்கும் எழுதி வைத்த சட்டமில்லை. முன் வரிசையில் யார் உட்கார்ந்திருந்தாலும், தலைப்பாகையைக் கண்டதும் எழுந்துவிடுவார்கள், அவ்வளவுதான். எழுந்து பின்னால் போனால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. ஆனேக்கலுக்கும் நேரத்தில் போயிருக்கலாம். ஆனால் அன்றைக்கு என் உடம்பு நகர மறுத்துவிட்டது. பத்தொன்பது வருஷம் நகர்ந்தது போதும் என்று இருந்தது.

“எழுந்திருக்க முடியாது,” என்றேன்.

“அப்ப வண்டி போவாது,” என்று அவன் பெரிய மனிதர் பக்கத்தில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

பஸ்ஸில் முணுமுணுப்பு கிளம்பியது. கூடைக்காரி ஒருத்தி, “போய்த் தொலையேன் தாயி, எங்க பொழப்பு கெடுது,” என்றாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பதினோரு மணியை நினைத்தேன். பயமும் அழுகையும் சேர்ந்து வந்தன. இரண்டையும் மென்று விழுங்கினேன். டிரைவர் நரைத்த தாடிக்கார சாயபு. திரும்பிப் பார்க்கவில்லை. “இன்னும் நின்னா காஸ் இறங்கிடும்,” என்று கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார்.

யாரிடம் சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினேன். டிரில் மாஸ்டர் மகள் இல்லையா, தொண்டை இருந்தது.

“ரைட்!”

ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கியர் கரகரவென்று விழுந்தது. வண்டி ஒரு உதறு உதறிக் கிளம்பிவிட்டது. கண்டக்டர் கத்திக்கொண்டே ஓடி வந்து பின் ஏணியைப் பிடித்துத் தொங்கினான். பெரிய மனிதர் புழுதிக்குள் மறைந்துபோனார்.

கண்டக்டர் தட்டுத்தடுமாறி உள்ளே வந்து, “எவன் ரைட் சொன்னது?” என்றான். கூடைக்காரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். டிரைவர்தான் பதில் சொன்னார்.

“ரைட் கேட்டிச்சு, எடுத்தேன். யாரு சொன்னதுன்னு திரும்பிப் பாக்கிறது டிரைவர் வேலையில்ல.”

பதினொன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கையெழுத்துப் போட்டேன். அவசரத்தில் எழுத்து கோணலாக விழுந்தது. போகட்டும்.

அந்த வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். அண்ணன் வழக்கம்போல் குதித்தான்.

“வண்டிய எடுக்கச் சொல்றதுக்கு உனக்கு என்னடி ரைட்டு இருக்கு?”

“வண்டி போச்சே அண்ணா,” என்றேன்.

அப்பா தொண்டையைக் கனைத்து, “ஆல் ரைட்,” என்றார். பேச்சு முடிந்தது என்று அண்ணன் எழுந்தான். அம்மா அடுப்படிக்குள் போகவில்லை. கரண்டியோடு வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, “அப்புறம் என்ன ஆச்சு, சொல்லுடி,” என்றாள்.