துண்டு போர்த்திய கை

மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கில் இருக்கும் ஹைரம் ஊரில் ஜேனலின் ஆல்ரெடைத் தெரியாதவர்கள் குறைவு. சீஸ் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குப் பதினோரு வருட வேலை. விடியுமுன் காரை எடுத்தால் மதியம் மூன்றரைக்கு வீடு. அதன்பிறகு மகள் ஷாலிஸின் பியானோ வகுப்பு, மகன் பிரைசனின் மல்யுத்தப் பயிற்சி, புதன்கிழமை அவர்களுடைய கிறிஸ்தவ சபைக் கட்டடத்தில் சிறுமிகளுக்கான கூட்டம், இரவுச் சாப்பாடு. இவ்வளவுக்கும் நடுவில், சமையலறை மேசையின் மூலையில் மடிக்கணினியைத் திறந்து வைத்து, தினமும் ஒரு முக்கால் மணி நேரம் தனக்கென்று ஒதுக்கிக்கொள்வாள்.

அந்த முக்கால் மணியில் அவள் செய்தது நினைவுப் புத்தகம், குடும்பப் படங்களைப் பக்கம் பக்கமாக ஒட்டி அலங்கரிக்கும் வேலை. அந்தக் காலத்தில் பள்ளத்தாக்கில் பாதிப் பெண்கள் கத்தரிக்கோலும் பசையும் வண்ணத்தாளுமாக இதைச் செய்துகொண்டிருந்தார்கள். ஜேனலின் மட்டும் 2005-லேயே எல்லாவற்றையும் கணினிக்கு மாற்றிவிட்டாள். தாளும் ரிப்பனும் பொத்தானும் எல்லாம் திரையில். படத்தின் கீழே விழும் நிழல்கூட எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று பார்த்துப் பார்த்து வைப்பாள். ஒரு பக்கத்தில் ஒரு நிழல் இடப்பக்கமும் இன்னொன்று வலப்பக்கமும் விழுந்தால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. 2008 நவம்பர் வரை மொத்தம் இருநூற்றுப் பதினான்கு பக்கங்கள். ஒவ்வொன்றிலும் தேதி, இடம், யார் யார், அன்று என்ன நடந்தது என்று கீழே நான்கு வரி. தங்கள் குடும்ப வரலாற்றை உள்ளது உள்ளபடி எழுதி வைப்பது அந்தச் சபையில் ஒரு கடமை. ஜேனலின் அதை விருப்பமாகவே செய்தாள்.

அவளைவிட ஒன்பது வயது மூத்தவள் அக்கா வெர்லா. பள்ளிப் படிப்போடு நின்றவள், திரைச்சீலை தைக்கும் கடையில் வேலை. கணினி பக்கமே போகாதவள். ஆனால் தங்கையின் பக்கங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள். தபால் அலுவலக வரிசையில் நிற்கும்போதுகூட, முன்னால் நிற்பவரிடம் சொல்லிவிடுவாள்.

இருநூற்றுப் பதினான்கில் ஒரே ஒரு பக்கம் பொய்.

முந்தைய வருடம் அக்டோபரில், ஒரு சனிக்கிழமை பதினோரு மணிக்கு, பிரைசனுக்கு ஞானஸ்நானம். எட்டு வயது நிறைந்த பிள்ளை, வெள்ளை உடையில் தொட்டிக்குள் இறங்கி, அப்பா கையால் முழுக்கு வாங்கும் நாள். வாழ்நாளில் ஒருமுறைதான். அன்று காலை ஆலையில் ஒரு பெண் வரவில்லை. மேற்பார்வையாளர் கூப்பிட்டார், ஜேனலின் போனாள். பத்துக்குத் திரும்பிவிடலாம் என்று நினைத்தாள். ஒரு தொட்டிப் பாலில் சந்தேகம் வந்தது, மறுபடி சோதிக்க வேண்டியதாயிற்று. பத்தரை ஆனது. அப்போதும் அந்த மனிதரிடம் போய், என் மகனுக்கு இன்று ஞானஸ்நானம், நான் கிளம்ப வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விட்டிருப்பார். மோசமான ஆள் இல்லை. ஆனால் அடுத்த மாதம் கூடத்தின் பொறுப்பாளரைத் தேர்ந்தெடுக்கப்போகிறார்கள் என்று பேச்சு இருந்தது. ஜேனலின் கேட்கவில்லை. அவள் சபைக் கட்டடத்துக்கு வந்து சேர்ந்தபோது, நாற்காலிகளை மடித்துக்கொண்டிருந்தார்கள்.

வேலை இருந்தது, போக முடியவில்லை என்றுதான் எல்லாரிடமும் சொன்னாள். கேட்கவே இல்லை என்பதைக் கணவன் டாரெலிடம்கூடச் சொல்லவில்லை.

டாரெலின் தம்பி எடுத்த படம் ஒன்று இருந்தது. தொட்டி அறைக்கு வெளியே, செங்கல் சுவர் ஓரமாகப் பிரைசன் தலை சொட்டச் சொட்ட நிற்கிறான். வெர்லா குனிந்து, வெள்ளைத் துண்டை அவன் தோளில் போர்த்தி, காதில் ஏதோ சொல்கிறாள். பையன் வாய்விட்டுச் சிரிக்கிறான். அந்தக் குடும்பத்தில் எடுத்த படங்களிலேயே நல்ல படம் அதுதான்.

ஷாலிஸின் ஞானஸ்நானப் பக்கத்தில் ஜேனலின் இருந்தாள். புத்தகத்தில் இரண்டும் எதிரெதிர்ப் பக்கங்களாக வரும். ஒரு பக்கத்தில் அம்மா, இன்னொரு பக்கத்தில் பெரியம்மா. அப்படியே விட அவளுக்கு மனம் வரவில்லை. ஒரு கல்யாணத்தில் மணப்பெண்ணுக்கு முன்னால் பூத்தூவி வரும் சிறுமிக்கு இடுப்புப்பட்டை கட்டிவிடக் குனிந்திருந்த தன் படத்தை எடுத்தாள். அதிலிருந்து தன்னை முடியிழை முடியிழையாக வெட்டியெடுத்து, வெர்லாவின் மேல் வைத்தாள். மூன்று நாள் மாலை ஆயிற்று. வெர்லா உடம்பு வாகு கொஞ்சம் அகலம். வெளியே துருத்திய தோளின் மேல் செங்கல் செங்கலாகச் சுவரைப் பூசினாள். கை மட்டும் அமையவில்லை. துண்டைப் பிடித்திருக்கும் அந்த விரல்களுக்கு ஈடாகத் தன் கை எந்தப் படத்திலும் கிடைக்காததால், வெர்லாவின் கையை அப்படியே விட்டுவிட்டுத் தன் சட்டைக் கைமுனையை அதோடு ஒட்டவைத்தாள். கீழே நான்கு வரி எழுதினாள், முதல் வரி: 'இன்று உன்னைத் துண்டால் போர்த்தியபோது நீ நடுங்கிக்கொண்டிருந்தாய், என் கண்ணே.'

பிரைசன் ஒருநாள் அந்தப் பக்கத்தைத் திரையில் பார்த்தான். "நல்லா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். சில வாரங்கள் கழித்து ஞாயிற்றுக்கிழமை விருந்தில், பக்கத்து வீட்டுக்காரர் அவனிடம் ஞானஸ்நானத்தைப் பற்றிக் கேட்டபோது, "அம்மாதான் துண்டு போத்திவிட்டாங்க" என்றான். உருளைக்கிழங்கு பரிமாறிக்கொண்டிருந்த ஜேனலினின் கரண்டி அந்தரத்தில் நின்றது. திருத்தாமலே பரிமாறி முடித்தாள். அன்றிலிருந்து அவனைப் பார்க்கும்போதெல்லாம் காது சூடாகியது.

நவம்பரில் சபைப் பெண்கள் சங்கத்தின் மாலைக்கூட்டத்தில், கணினியில் நினைவுப் பக்கம் செய்வது பற்றி ஜேனலின் வகுப்பெடுக்க வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. ஏற்பாடு செய்தது வெர்லாதான். வீடு வீடாகப் போன் செய்து, பெயர் எழுதி வாங்கி, இருபத்து மூன்று பேரைச் சேர்த்துவிட்டாள். ஆறு டஜன் பன் சுட்டுக்கொண்டு வந்தாள். முன்வரிசையில், நடுநாற்காலியில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ப்ரொஜெக்டர் வழியாகச் சுவரில் காட்டவேண்டியவற்றை ஜேனலின் தனியாக எடுத்து வைத்திருந்தாள். மலைப்பூங்காவுக்குப் போன பயணம், ஷாலிஸின் பியானோ அரங்கேற்றம், முதல் பனி. எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. இரண்டாவது வரிசையில் இருந்த ஆஸ்ட்லர் என்ற சபைச் சகோதரி கையைத் தூக்கும்வரை.

அவருடைய கடைசி மகளுக்கு அடுத்த மாதம் ஞானஸ்நானம். பிரைசனுடைய பக்கத்தைக் காட்ட முடியுமா என்று கேட்டார். அது இன்னும் முடியவில்லை என்றாள் ஜேனலின்.

"முடியலன்னா என்ன, காட்டேன்" என்றாள் வெர்லா. பிறகு பின்னால் திரும்பி எல்லாரிடமும் சொன்னாள். "இவ இப்படித்தான். சின்ன வயசுல கேக் சுட்டாலும் ஒரு ஓரம் தீஞ்சிருக்குன்னு மூடி ஒளிச்சு வெப்பா."

எல்லாரும் சிரித்தார்கள். இனி மறுத்தால் சந்தேகப்படுவார்கள். எத்தனையோ படம் எடுத்த நாள், வெர்லாவுக்கு இந்தப் படம் நினைவில் இருக்காது, ஒரு நொடி காட்டிவிட்டு மூடிவிடலாம் என்று கணக்குப் போட்டுப் பக்கத்தைத் திறந்தாள்.

சுவரெல்லாம் பிரைசன். ஈரத்தலை, சிரிப்பு, குனிந்து நிற்கும் அம்மா. பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். வெர்லா மட்டும் படத்தில் இருந்த கையைப் பார்த்தாள். பிறகு மடியில் இருந்த தன் கையைப் பார்த்தாள்.

ஜேனலின் மூடப்போனாள். அதற்குள் ஆஸ்ட்லர் சகோதரி எழுந்து மேசைக்கே வந்துவிட்டார். ஓரத்தில் வரிசையாகக் கண் படம் போட்டிருக்கிறதே, அது எதற்கு என்று கேட்டார். பக்கம் முழுக்கப் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது, கண்ணை அழுத்தினால் அந்த அடுக்கு மறையும் என்று ஜேனலினின் வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

"இதை அழுத்தினா?" என்று அவர் அழுத்தினார்.

செங்கல் பூச்சும் சட்டையும் முகமும் ஒன்றாகச் சேர்ந்த அடுக்கு அது. சுவரில் ஜேனலின் மறைந்தாள். கை அப்படியே இருந்தது. அந்தக் கையிலிருந்து தோள் வந்தது, அகலமான முதுகு வந்தது, பூப்போட்ட உடுப்பு வந்தது, பிரைசனின் காதோடு காதாக வெர்லாவின் முகம் வந்தது.

முதலில் பேசியது வெர்லா.

"நான்தான் என்னைத் தூக்கிடச் சொன்னேன்" என்றாள். குரல் சாதாரணமாக இருந்தது. "அந்த உடுப்பைப் பாருங்க. சோபாவுக்கு உறை போட்ட மாதிரி இருக்கேன். காலத்துக்கும் புத்தகத்துல அப்படியா நிப்பேன்?"

அறை முழுக்கச் சிரிப்பு. ஜேனலினுக்கு மூச்சு திரும்பிற்று. அதோடு விட்டிருந்தால் முடிந்திருக்கும். ஆஸ்ட்லர் சகோதரி கள்ளங்கபடம் இல்லாத பெண்மணி. படத்தையே பார்த்துக்கொண்டு, "அப்ப நீங்க எங்க நின்னுட்டு இருந்தீங்க ஜேனலின்?" என்று கேட்டார்.

வெர்லா பொய் பேசி ஜேனலின் கேட்டதில்லை. ஞாயிறுதோறும் பதினாறு வயதுப் பெண்களுக்குப் பாடம் நடத்துகிறவள். இப்போது சபைக் கட்டடத்தில் உட்கார்ந்து, தன்னை அழித்தவளுக்காக, தன் உடம்பையே கேலி செய்துகொண்டு ஒரு பொய் சொல்லியிருக்கிறாள். ஜேனலினுக்கு முகம் எரிந்தது.

"நான் அங்க இல்ல" என்றாள். "ஆலையில இருந்தேன். வெர்லா எதுவும் எடுக்கச் சொல்லல. நானாத்தான் அவளை மறைச்சேன். அவளுக்கே இன்னிக்குத்தான் தெரியும்."

யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வெர்லா எழுந்தாள். பன்னைச் சூடு பண்ண வேண்டும் என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போனவள், கூட்டம் கலையும்வரை வெளியே வரவில்லை. பன் சூடாகவே இருந்தது என்பது எல்லாருக்கும் தெரியும்.

இருவரும் ஒரே காரில் வந்தவர்கள். வெர்லாதான் ஓட்டினாள். பாதி வழியில் ஜேனலின் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது, வெர்லா சிக்னலில் வண்டியை நிறுத்தினாள்.

"உனக்காக ஒரு பொய் சொன்னேன்" என்றாள். "அம்பத்தோரு வயசுல, அந்தக் கட்டடத்துக்குள்ள வெச்சு. நீ இருபத்து மூணு பேர் முன்னாடி அதைப் பொய்னு எடுத்துக் காட்டிட்ட. ஞாயித்துக்கிழமை அந்தப் புள்ளைங்க மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

உண்மையைச் சொன்னால் பாரம் இறங்கும் என்று ஜேனலின் நினைத்திருந்தாள். இறங்கவில்லை. அக்காவின் தலையிலும் கொஞ்சம் ஏறியிருந்தது.

"கைய மட்டும் ஏன் விட்ட?" என்று கேட்டாள் வெர்லா.

"விரல் சரியா அமையல."

"ஓ. கை வேணும். மூஞ்சிதான் வேண்டாம்."

பச்சை விழுந்தது. வீட்டு வாசலில் இறக்கிவிடும்போது, மிச்சமான பன்னை ஒரு பையில் போட்டு ஜேனலின் கையில் திணித்தாள். பிள்ளைகளுக்கு என்று மட்டும் சொன்னாள்.

சனிக்கிழமை காலை. டாரெல் மகளை அழைத்துக்கொண்டு கடைக்குப் போயிருந்தான். ஜேனலின் சமையலறை மேசையில் அந்தப் பக்கத்தைத் திறந்து, தன் அடுக்கை அழித்தாள். மறைக்கவில்லை, அழித்தேவிட்டாள். கீழே இருந்த நான்கு வரியையும் எடுத்தாள். புதிதாக எழுத ஆரம்பித்தாள். 'அன்று நான் வேலையில் இருந்தேன். போகட்டுமா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விட்டிருப்பார்கள். உனக்குத் துண்டு போர்த்தியது வெர்லா பெரியம்மா.'

அடுத்த வரி வரவில்லை. அன்று என்ன நடந்தது என்பது அவளுக்குத் தெரியாது. தேதி, நேரம், வந்தவர்கள் பெயர் எல்லாம் தெரியும். தண்ணீர் சூடாக இருந்ததா, பையன் பயந்தானா, ஒன்றும் தெரியாது. ஒரு வருடமாகக் கேட்டதும் இல்லை. அங்கே நின்றிருந்ததாக எழுதிவைத்தவள் எப்படிக் கேட்பாள்?

பிரைசனைக் கூப்பிட்டாள். அவன் கிண்ணத்தில் தானியமும் பாலுமாக வந்து நின்றான். அன்று நடந்ததைச் சொல்லச் சொன்னாள்.

"ரெண்டு தடவை முங்கினேன்" என்றான்.

"ரெண்டு தடவையா?"

"முதல் தடவை காலு மேல வந்துடுச்சு. முழுசா முங்கலன்னு சாட்சிக்கு நின்னவங்க சொல்லிட்டாங்க. அப்பா மறுபடி முக்கினார். தண்ணி மூக்குல ஏறிடுச்சு." ஒரு வாய் சாப்பிட்டான். "உனக்குத் தெரியாதில்ல?"

"நீ ஏன்டா சொல்லல?"

"நீ கேக்கல. அதான் நீ அங்க இருந்த மாதிரி படம் பண்ணிட்டியே. நானா சொன்னா, நீ இல்லன்னு ஆயிடும்ல."

அவள் திரையைப் பார்த்தபடியே இருந்தாள். திரும்பினால் ஒன்பது வயதுப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். இரண்டு முறை முழுகியதை எழுதினாள். தண்ணீர் மூக்கில் ஏறியதை எழுதினாள்.

"பெரியம்மா காதுல என்ன சொன்னாங்க?"

பிரைசன் கரண்டியைக் கிண்ணத்தில் விட்டான். "'அழணும்னா இப்பவே அழுதுக்கோ, நனைஞ்சுதான இருக்க, யாருக்கும் தெரியாது'ன்னாங்க. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அதுலதான் போட்டோ எடுத்தாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் உள்ள போய் உடுப்பு மாத்தினப்ப கொஞ்சம் அழுதேன்."

'உடுப்பு மாற்றும்போது கொஞ்சம் அழுதாய்' என்று தட்டினாள். இரண்டு எழுத்து தவறாக விழுந்தது. திருத்தினாள். பிரைசன் அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்று வரி வரியாகப் படித்தான்.

"அந்தக் கடைசி வரியை வேணா எடுத்துடும்மா" என்றான். "பெரியம்மா படிப்பாங்கல்ல, நான் அழுதது தெரிஞ்சா உன்னைத் திட்டப் போறாங்க."

"திட்டட்டும்" என்றாள் ஜேனலின். "இருக்கட்டும் அது."

பக்கத்தில் ரிப்பனும் இல்லை, பொத்தானும் இல்லை. அச்செடுத்து, மை காய்வதற்குள் காரை எடுத்துக்கொண்டு வெர்லா வீட்டுக்குப் போனாள். வெர்லா கதவைத் திறந்தவள் உள்ளே வா என்று சொல்லவில்லை. தாளை வாங்கி, வாசலிலேயே நின்று, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிவிட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். ஜேனலின் படியில், குளிரில், அவள் படித்து முடிக்கும்வரை நின்றுகொண்டிருந்தாள்.