அக்கா வழி தப்பிய நாள்

அக்கா என் முதுகில் இருப்பாள்; குடை அவள் கையில் இருக்கும். இரண்டு பேருக்கும் ஒரே குடை. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்திலிருந்து தார் வீதிக்கு இறங்க நாற்பத்தொரு படிகள். இலங்கை மலைநாட்டில், எங்கள் றொசல்லப் பக்கத்து மழை நேராகப் பெய்யாது, பக்கவாட்டில் வந்து அடிக்கும். அதற்கேற்றாற்போல் அக்கா குடையைச் சாய்த்துச் சாய்த்துப் பிடிப்பாள். அது என் கண்ணை மறைக்கிறதோ என்று சந்தேகம் வந்தால், "படி தெரியுதாடா?" என்று காதருகில் கேட்பாள்.

நான்கு வயதில் வந்த ஒரு காய்ச்சல் அவள் கால்களைக் கொண்டுபோய்விட்டது. மேசையைப் பிடித்தபடி சில நிமிடம் நிற்பாள், அவ்வளவுதான். சின்ன வயதில் அப்பா தூக்கினார். எனக்குப் பதினாறு வயதானதும் அந்த வேலை என்னிடம் வந்தது. பள்ளிக்கூடம், பரீட்சை மண்டபம், கோயில் திருவிழா, பிறகு அவளுக்கு வேலை கிடைத்த தபால் கந்தோர், எல்லா இடத்துக்கும் என் முதுகில்தான் போனாள். நான் தேயிலைத் தொழிற்சாலையில் மெக்கானிக். காலையில் அவளை இறக்கிவிட்டு வேலைக்குப் போவேன். மாலையில் வந்து ஏற்றிக்கொள்வேன். தோட்டத்தில் என்னைப் பற்றி நல்லவிதமாகப் பேசுவார்கள். அதைக் கேட்க எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சிங்கப்பூரில் தாதியாக வேலை பார்க்கும் எங்கள் சின்னம்மா மகள் ஒருமுறை லீவில் வந்தபோது, நடக்க முடியாதவர்கள் உட்கார்ந்து ஓட்டும் பெட்டரி ஸ்கூட்டர் ஒன்றைக் கொண்டுவந்தாள். மூன்று சக்கரம், ஓர் இருக்கை, முன்னால் கைப்பிடி. படியில் அது ஏறாதே! வீதியோரக் கடையில் நிறுத்திவைத்தோம். கடையிலிருந்து தபால் கந்தோர் வரை சமதரை. அந்தத் தூரத்தை மட்டும் அக்கா ஓட்டினாள். வளைவைத் தாண்டிப் போகக்கூடாது, அங்கே இறக்கம் அதிகம் என்று நான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். அக்காவும் தாண்டியதில்லை.

பிறகு சின்னம்மா மகளுக்குக் குழந்தை பிறந்தது. "பிள்ளையப் பாக்க ரெண்டு பேரும் வாங்க. வண்டியையும் கொண்டு வாங்க, இங்க எங்க வேணும்னாலும் போகலாம்" என்று சொல்லி டிக்கெட்டும் அனுப்பிவிட்டாள்.

விமான நிலையத்தில் பெட்டிகளை ஒப்படைக்கும் இடத்தில் இருந்த இளைஞர் ஸ்கூட்டரைச் சுற்றிவந்து பார்த்தார். பெட்டரியைத் தொட்டுக் காட்டினார். "பே, அக்கே" என்றார். முடியாது என்பதைச் சிங்களத்தில் அவ்வளவு சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெட்டரி இல்லாமல் வண்டி எதற்கு? வண்டி இல்லாமல் அக்கா அங்கே போய் என்ன செய்வாள்? எனக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. "அக்கா, வண்டிய விட்டுட்டுப் போயிருவோம். நான் தூக்கிக்கிறேன்" என்றேன்.

"நீ கொஞ்சம் பேசாம இரு" என்றாள் அக்கா.

இருபது வருடத்துக்கும் மேலாக மற்றவர்களின் பொதிகளை வெளிநாட்டுக்கு அனுப்பியவள் அவள். எந்த நாட்டுக்கு எதை அனுப்பலாம், எதை அனுப்பக்கூடாது என்று அந்தப் பகுதியில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அவளிடம்தான் கேட்பார்கள். மடியிலிருந்த கோப்பைத் திறந்தாள். ஒரு மாதத்துக்கு முன்பே விமான நிறுவனத்துக்கு எழுதி, பெட்டரியின் அளவைச் சொல்லி, கழற்றிக் கையில் கொண்டுவரலாம் என்று அவர்கள் அனுப்பிய பதிலை வாங்கி வைத்திருந்தாள். எனக்கே அது தெரியாது. "இது மூலப்பிரதி, பாத்துட்டுத் திருப்பித் தாங்க. இது ஒங்க ஃபைலுக்கு. இது ஒங்க மேலதிகாரிக்கு" என்று நல்ல சிங்களத்தில் சொல்லி ஒவ்வொன்றாக நீட்டினாள். பிறகு பெட்டரியைத் தானே கழற்றி, அதன் முனைகளில் டேப் ஒட்டி, ஒரு பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டாள். மேலதிகாரி வந்து எல்லாவற்றையும் வாசித்துவிட்டு, எங்கே வேலை என்று கேட்டார். தபால் கந்தோர் என்றாள். "அப்படித்தான் நினைத்தேன்" என்று சிரித்துவிட்டார்.

சிங்கப்பூரில் விமான வாசலுக்கே ஸ்கூட்டர் வந்துவிட்டது. அக்கா பெட்டரியைச் சொருகிச் சாவியைத் திருப்பினாள். முன்னால் நீண்ட, வழவழப்பான தரை. ஒரு படிகூட இல்லை. பைகளைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் ஓடினேன். "மெதுவாப் போக்கா!" என்று கத்தினேன். "மெதுவாப் போயிப் போயி அலுத்துப் போச்சுடா!" என்று திரும்பாமலே பதில் சொன்னாள்.

மூன்றாம் நாள் காலை நான் குளித்துவிட்டு வந்தபோது அக்காவைக் காணவில்லை. மேசையில் ஒரு துண்டுச்சீட்டு: "வெளியே போய்விட்டு வருகிறேன்." கைப்பேசியை வீட்டிலேயே விட்டுப் போயிருந்தாள். மின்தூக்கியில் இறங்கி ஓடினேன். சந்தை, பூங்கா, ரயில் நிலையம் என்று வியர்க்க விறுவிறுக்கத் தேடினேன். கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் கையால் ஸ்கூட்டர் வரைந்து காட்டிக் கேட்டேன். ஏதாவது நடந்திருந்தால் ஊரில் என்ன சொல்வார்கள் என்ற யோசனையும் நடுவே வந்தது. கடைசியில் மாடிக் கட்டடத்தின் கீழே வந்து உட்கார்ந்துவிட்டேன்.

பகல் ஒரு மணிக்கு அக்கா வந்தாள். கைப்பிடியில் ஒரு பை. அதற்குள் கறிவேப்பிலை, மாம்பழம், குழந்தைக்கு ஒரு தொப்பி. வெயிலில் முகம் சிவந்திருந்தது. அவ்வளவு பெரிய சிரிப்பை அவள் முகத்தில் நான் பார்த்ததில்லை.

"எங்க போனே? ஒன்னைக் காணோம்னு நான் செத்துட்டேன்!"

"வழி தப்பிருச்சுடா. ஒரு தடவ இல்ல, ரெண்டு தடவ. ரயில்ல வேற பக்கம் போயிட்டேன். எறங்கிப் பாத்தா எந்த எடம்னே தெரியல. எவ்வளவு நல்லா இருந்துச்சு தெரியுமா? நாப்பத்தாறு வயசுல இன்னைக்கித்தான் மொத மொதலா வழி தப்புறேன்."

நான் கோபமாக இருந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒன் முதுகு நல்ல முதுகுதான்டா. ஆனா அது நீ போற எடத்துக்குத்தானே போகும்?" என்றாள். குறை சொல்லும் குரலில்லை. ஆனால் அன்று முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனை வருடத்தில் ஒரு தடவையாவது, எங்கே போக வேண்டும் என்று அவளிடம் கேட்டிருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். மறுநாள் அவள் கிளம்பியபோது கைப்பேசியை மட்டும் எடுத்துக் கொடுத்தேன். "தப்பினா சொல்லு, தேட மாட்டேன்" என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் குழந்தை விழித்துக்கொண்டது.

ஊர் திரும்பியதும் அக்கா தோட்டத்தை நிர்வகிக்கும் தொரைக்கு ஒரு கடிதம் எழுதினாள். படிகளுக்குப் பக்கத்தில், தேயிலைக்குள் வளைந்து வளைந்து ஏறும் ஒரு சாய்வுப் பாதை வேண்டும் என்று படமும் வரைந்து அனுப்பியிருந்தாள். தொரை அனுமதி தந்தார். லயத்து ஆட்கள் ஆறு ஞாயிற்றுக்கிழமை மண் வெட்டிக் கொங்கிரீட் போட்டார்கள். படிகளைவிடப் பாதை நாலு மடங்கு நீளம். ஆனால் கேஸ் சிலிண்டர் உருட்டுகிறவர்களும் கைக்குழந்தைக்காரிகளும் இப்போது அதில்தான் போகிறார்கள். வண்டி வீட்டு வாசலிலேயே நிற்கிறது. அக்கா காலையில் எனக்கு முன்னாலேயே கிளம்பிவிடுகிறாள். வளைவைத் தாண்டியும் போகிறாள். பிரேக்கை மட்டும் வாராவாரம் நான் பார்த்துக் கொடுக்கிறேன்.

போன வாரம் குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு அழைப்பு வந்தது. அக்கா விமான நிறுவனத்தின் படிவத்தை நிரப்பி, சரிபார்க்கச் சொல்லி என்னிடம் தந்தாள். உடன் வருபவரின் பெயர் எழுத வேண்டிய இடத்தில் அடிமட்டம் வைத்து நேராக ஒரு கோடு போட்டிருந்தாள்.

"அப்ப நான்?" என்றேன்.

"எயார்போட் வரைக்கும் வா. பேக்கைத் தூக்க ஆள் வேணுமில்ல?"

எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று கேட்டேன்.