சின்னூரின் நீலக் கதவு

எனக்குச் சீதனமாக வந்த வளவு வாவிக்கரையில் இருந்தது. மேசன் வேலை செய்கிற ஒருவரைக் கட்டிக்கொண்டால் அதில் நல்ல வீடொன்று எழும்பும் என்று அம்மா நம்பியிருந்தார். வீடு எழும்பத்தான் செய்தது. ஒன்றல்ல, ஒரு ஊரே எழும்பியது. என்ன, எல்லாம் என் முழங்கால் உயரம்.

அது சமாதான காலம். சோதனைச் சாவடிகளில் இறங்கி நடக்காமல் பஸ்ஸிலேயே போய்வரலாம் என்றானதும் சனம் காரணமில்லாமல் ஊர் சுற்றியது. என் மனுசனுக்குக் கிறுக்குப் பிடித்ததும் அப்போதுதான். வேலையிடத்தில் மிஞ்சுகிற சீமெந்தை வாளியில் கொண்டுவந்து முதலில் அம்மன் கோயிலைக் கட்டினார். பிறகு பள்ளிவாசல், மாதா கோயில், புளியந்தீவுக் கோட்டை. நடுவில் பள்ளம் வெட்டித் தண்ணீர் விட்டு அதுதான் வாவி என்றார். கடைசியில் எங்கள் ஊர்க் கடற்கரைத் தெருவை, வீடு வீடாகப் போய்ப் பார்த்து வந்து, உள்ளபடியே கட்டினார். ஒவ்வொரு வீட்டுக்கும் திறந்து மூடுகிற பலகைக் கதவு வேறு.

"எங்கட குசினி ஒழுகுது, நீங்க எலிக்கு மாளிகை கட்டுறீங்க" என்று நான் ஏசாத நாளில்லை. ஏசிக்கொண்டேதான் சுற்றிவரச் செவ்வரத்தையும் குரோட்டனும் நட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தாண்டியிலிருந்தும் ஏறாவூரிலிருந்தும் காத்தான்குடியிலிருந்தும் சனம் வரத் தொடங்கியபோது வாசலில் இருந்து ரிக்கற் கிழித்ததும் நான்தான். சனமே அதற்குச் சின்னூர் என்று பேர் வைத்தது.

வந்த பிள்ளைகளெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "ஆக்கள் எங்க?"

சின்னூரில் ஆட்கள் இல்லை. மனுச உருவம் செய்தால் முறைப்படி கண் திறக்க வேண்டும், அது தன்னுடைய வேலையில்லை என்பார் மனுசன். உண்மை வேறு. ஒரு கிழவனைச் செய்து பார்த்தார். பூசணிக்காய்க்கு மீசை வைத்த மாதிரி வந்தது. யாரும் பார்க்குமுன் உடைத்துப் போட்டார். பிள்ளைகளுக்கு அவர் சொன்ன பதில் இதுதான்: "எல்லாரும் வட்டைக்கு வயல் வெட்டப் போயித்தாங்க. பொழுதுபட வந்திருவாங்க."

அதை முழுசாக நம்பியவள் என் தங்கச்சியின் மகள். ஐந்து வயது. தகப்பன் கட்டாரில் வேலை செய்தார். தாயும் மகளும் கடற்கரைத் தெருவில் இருந்தார்கள். அவர்களுடைய வீடும் சின்னூரில் இருந்தது, நீலக் கதவோடு. ஒருநாள் அதற்கு முன்னால் குந்தியிருந்து, "பெரியப்பா, அப்ப நான் எங்க?" என்று கேட்டாள்.

"நீயும் வட்டைக்குப் போயித்தாய்."

"நான் இஞ்சதானே இருக்கன்?"

"நீ இஞ்ச. சின்னூர்ப் புள்ள வட்டையில."

"அப்ப கதவப் பூட்டாதீங்க. அவ வருவா." நீலக் கதவைத் திறந்து வைத்து, கையிலிருந்த பிஸ்கட்டில் பாதியை உடைத்து வாசலில் வைத்தாள். நாங்கள் சிரித்தோம். கூடுதலாகச் சிரித்தவள் தங்கச்சிதான்.

நத்தாருக்கு அடுத்த நாள் கடல் வந்தது. சுனாமி என்ற பேரைப் பிறகுதான் கேள்விப்பட்டோம். இன்றைக்கும் எங்கள் வாயில் அது கடல்தான். வாவிப் பக்கத்தில் எங்களுக்குத் தண்ணீர் நெஞ்சளவு வந்து நின்றது. கடற்கரைப் பக்கத்தில் தங்கச்சி ஒரு கையால் தென்னையையும் மறு கையால் மகளையும் பிடித்திருந்தாள். தண்ணீர் வடிந்தபோது தென்னை இருந்தது.

கடற்கரைத் தெருவில் ஒரு வீடு மிஞ்சவில்லை. சின்னூரில், மதில் வேகத்தை வாங்கிக்கொண்டதால், வீடுகள் மணலுக்குள் புதைந்து கிடந்தன. மணலை அள்ள அள்ள அந்தத் தெரு அப்படியே வெளியே வந்தது. கேள்விப்பட்டுச் சனம் வந்தது. ரிக்கற் கேட்க யாருக்கு வாய் வரும்? தங்கள் தங்கள் வீட்டைத் தேடிப் பிடித்து, முன்னால் இருந்து அழுது, சின்ன மண் சிட்டி விளக்குக் கொளுத்திவிட்டுப் போனார்கள். பொழுதுபட்ட மைமல் நேரத்தில் முழங்கால் உயரத்தில் ஒரு தெரு முழுக்க விளக்கெரியும். காற்றில் சுடர் அசைந்தால் வீடுகளுக்குள் யாரோ நடமாடுகிற மாதிரி இருக்கும். எனக்குப் பயம். அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டுதான் சமைப்பேன்.

எங்களோடு வந்து தங்கிவிட்ட தங்கச்சி விளக்கு வைக்கவில்லை. விளக்கு, செத்தவர்களுக்கு. அவள் காலையில் நீலக் கதவைத் திறந்து வைப்பாள், பாதிப் பிஸ்கட் வைப்பாள். காகம் கொண்டுபோவது அவளுக்குத் தெரியும். முப்பத்தோராம் நாள் கிரியை செய்யவும் விடவில்லை. "உடம்பக் கண்டீங்களா அக்கா? காணாம என்னத்தச் செய்யிற?" கட்டாரிலிருந்து புருசன் அழுதழுது சொல்லியும் கேட்கவில்லை. எனக்குப் பொறுமை கிடையாது. "அவ போயித்தா, விடு" என்று கத்தினேன். அதற்குப் பிறகு கனநாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

பிறகு சண்டை திரும்பி வந்தது. டவுன் பக்கமிருந்து கரடியனாற்றுப் பக்கம் ஷெல் அடிக்கும்போது நிலம் அதிரும். சின்னூரின் கதவுகளெல்லாம் படபடவென்று அடித்துக்கொள்ளும். தெரு முழுக்க யாரோ உள்ளே போய் வெளியே வருகிற மாதிரி. தங்கச்சி ஓடிப்போய், நீலக் கதவு மூடிக்கொள்ளாமல் ஒரு கல்லை முட்டுக் கொடுப்பாள். மேற்கே இருந்து சனம் இடம்பெயர்ந்து வந்தபோது முகாம் முகாமாகப் போய்ப் பெண்பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தாள். வருசங்கள் போயிருந்தன. அவள் தேடியது ஐந்து வயதுப் பிள்ளையைத்தான்.

அந்த நாட்களில் ஒரு சுற்றிவளைப்பு. ஆமிக்காரப் பொடியன் ஒருவன் குப்புறப் படுத்து, ரோர்ச் அடித்து, சின்னூரின் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் பார்த்தான். எழும்பி மண்ணைத் தட்டிக்கொண்டு, தெரிந்த தமிழில், "ஆள் எங்க?" என்றான்.

"வட்டைக்குப் போயித்தாங்க" என்றாள் தங்கச்சி. நல்லகாலம், அவனுக்கு விளங்கவில்லை.

வன்னியில் சண்டை முடிந்துவிட்டது என்று டவுனில் வெடி கொளுத்தினார்கள். மறுபடி பஸ்கள் ஓடின, சனம் ஊர் சுற்றியது. மனுசன் மதிலுக்கு வெள்ளையடித்து, "திறப்பம்" என்றார். திறந்த முதல் ஞாயிறு காத்தான்குடியிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அவர்களுடைய சின்ன மகன் கடற்கரைத் தெருவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"ஆக்கள் எங்க?"

"எல்லாரும் வட்டைக்கு..." என்று தொடங்கிய மனுசன் பாதியில் விட்டுவிட்டு, குனிந்து ஒரு வீட்டுக் கூரையைத் தட்டிப் பார்த்தார். செவ்வரத்தைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த தங்கச்சி திரும்பினாள்.

"மௌத்தாப் போயித்தாங்க மனே. கடல் வந்த அண்டு."

பிள்ளையின் தகப்பன் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கும் யாரோ போயிருக்க வேண்டும். செத்துப்போனார்கள் என்று தங்கச்சி வாயால் சொன்னது அன்றைக்குத்தான் முதல் தடவை. பிள்ளைக்கு விளங்கட்டும் என்று முஸ்லிம்களின் சொல்லில் சொன்னாளா, எங்கள் சொல்லில் சொல்ல அவளுக்கு நா எழும்பவில்லையா, எனக்குத் தெரியாது.

பொழுதுபட்டதும் கல்லை எடுத்தாள். நீலக் கதவைச் சாத்தினாள். சிட்டி விளக்கொன்றைக் கொளுத்தி வைத்துவிட்டு வந்து, "அக்கா, ஐயரிட்டக் கேட்டு ஒரு நாள் பாருங்க" என்றாள்.

இத்தனை வருசம் நான் கத்திக் கத்திக் கேட்டது இதைத்தான். எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

விடிந்ததும் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு சின்னூருக்குப் போனேன். தெரு முழுக்க எல்லாக் கதவும் சாத்திக் கிடந்தது. கூட்டுகிற மாதிரி அங்குமிங்கும் நின்றேன். பிறகு குனிந்து நீலக் கதவைத் திறந்து, அந்தக் கல்லை முட்டுக் கொடுத்தேன்.

கிரியை நல்லபடியாக நடந்தது. சின்னூரை அதற்குப் பிறகு நாங்கள் திறக்கவில்லை. மதில் சரிந்துவிட்டது, கோட்டையைப் புல் மூடிவிட்டது, வாவி என்று வெட்டிய பள்ளத்தில் தவளை கத்துகிறது. நீலக் கதவு வெளிறித் திறந்தபடி கிடக்கிறது. தங்கச்சி தினமும் அதைக் கடந்துதான் கிணற்றுக்குப் போகிறாள். இதுவரை ஒன்றும் கேட்கவில்லை. பிஸ்கட்டை இப்போது நான் வைக்கிறேன்.