நாலு மடிப்புத் துணி

விஷக்காய்ச்சல் ஊரைப் புரட்டிப்போட்ட ஐம்பத்தேழாம் வருஷத்தில் ஒரே பேச்சை எத்தனை வாசலில் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. துணியை நாலாக மடித்து, மூக்கும் வாயும் மறைகிற மாதிரி கட்டிக்கொள்ளுங்கள். சொல்லிச் சொல்லி அது எனக்கே வெறுத்துப்போயிற்று.

அப்போது நான் ஸ்ரீரங்கத்தில் ஒரு பிரசவ விடுதியில் நர்ஸ். புத்தூரிலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்கி, பிள்ளைத்தாய்ச்சிகள் இருக்கிற வீடுகளுக்கெல்லாம் நடந்தே போக வேண்டும். காய்ச்சல் பரவியதும் டாக்டரம்மா அச்சடித்த நோட்டீஸ் கட்டு ஒன்றை என் கையில் திணித்தார். துணி கட்டு, கட்டிய துணியைக் கொதிநீரில் போடு, காய்ச்சல்காரரைத் தனியே படுக்க வை. எழுதுகிறவர்களுக்கு என்ன, எழுதிவிட்டார்கள். ஜனங்கள் நோட்டீஸை மரியாதையாக வாங்கி ஊறுகாய் ஜாடியை மூடினார்கள். துணி கட்டிய இரண்டொருவரும் அதைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டு ஊர்க்கதை பேசினார்கள். வழிப்பறிக்குக் கிளம்பியாச்சா என்று என்னைக் கேலி செய்த மாமாக்களும் உண்டு.

என் லட்சணம் மட்டும் என்ன வாழ்ந்தது? துணிக்குள்ளிருந்து பேசினால் யாருக்கும் கேட்காது. என்னது, என்னது என்பார்கள். உடனே துணியைக் கழுத்துக்கு இறக்குவேன், துணி கட்டச் சொல்வேன், மறுபடியும் ஏற்றிக் கட்டுவேன். நாள் பூராவும் இதேதான். இதிலிருந்த கூத்து அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

அந்தத் தெருக்களில் ஒரு வீட்டை மட்டும் மறக்க முடியவில்லை. அந்த வீட்டுக்காரர் கோயில் மடப்பள்ளியில் வேலை பார்த்தவர். பெருமாளுக்குப் படைக்கிற தளிகையை எடுத்துப்போகும்போது அதன்மேல் மூச்சுப் படக்கூடாதென்று மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்வது அவருக்குத் தினப்படி வழக்கம். ஆகவே நான் சொன்னது அவருக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. அவர் மனைவிக்கு அப்போது எட்டாம் மாசம். அதற்கு முன் உண்டான இரண்டும் ஏழாம் மாசத்திலேயே போய்விட்டன. இந்தத் தடவை ஏழைத் தாண்டிவிட்டது என்று இருவரும் வாய்விட்டுச் சொல்லக்கூடப் பயந்துகொண்டிருந்தார்கள். அவளுக்குக் காய்ச்சல் வந்தால் பிள்ளைக்கு ஆபத்து என்று டாக்டரம்மா என்னிடம் தனியே சொல்லி அனுப்பியிருந்தார்.

ஆனால் அந்த மனுஷர் கோயிலில் கட்டியிருந்ததை அவிழ்த்து வைத்துவிட்டு, வெறும் வாயோடு வீட்டுக்கு வந்து மனைவி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ஏன் என்று கேட்டேன். அது கோயில் ஆசாரத்துக்கான மடித்துணியாம், வீட்டில் புழங்கக் கூடாதாம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"பெருமாளுக்கு ஜுரம் வராதுங்க. இவங்களுக்கு வரும்" என்றேன்.

அடுத்த தடவை போனபோது அவர் ஒரு பழைய வேஷ்டியைக் கிழித்து, ஆளுக்கு இரண்டு துணி நாலாக மடித்துத் தைத்து, வெந்நீரில் போட்டு உலர்த்தியிருந்தார். அவர் படுக்கை வாசல் பக்கம் போய்விட்டது. பால்காரர் வெளியிலேயே ஊற்றிவிட்டுப் போனார். அக்கம்பக்கத்தார் யாரையும் உள்ளே விடவில்லை. அந்தத் தெருவிலேயே நோட்டீஸை எழுத்துக்கு எழுத்து நடத்திக்காட்டியவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான். மற்ற வீடுகளில் அவர்களைச் சொல்லிச் சொல்லியே நான் பெருமை அடித்துக்கொண்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, எழுந்திருக்கும்போதே உடம்பு அடித்துப்போட்ட மாதிரி வலித்தது. இன்னொரு நர்ஸ் ஏற்கெனவே காய்ச்சலில் படுத்திருந்தார். நானும் லீவு போட்டால் யார் போவது? எல்லாம் அலைச்சல்தான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு பஸ் ஏறினேன். அந்த வீட்டில் அவள் கால் வீக்கத்தைப் பார்த்தேன். எப்படி வலித்தால் உடனே ஆள் அனுப்ப வேண்டும் என்று சொன்னேன். தொண்டை கட்டியிருந்ததால் அவளுக்குப் புரியவில்லை. துணியை இறக்கினேன். முகத்துக்கு முகம் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னேன். நடுவில் இரண்டு தரம் இருமினேன். அன்று பொழுது சாய்வதற்குள் எனக்கு அனலாகக் கொதித்தது.

பதினைந்து நாள் கழித்து வேலைக்குத் திரும்பியபோது விடுதியில் சொன்னார்கள். அந்த வெள்ளிக்கிழமையே அவளுக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பிரசவம். பிள்ளை தங்கவில்லை.

அந்த வீட்டுக்குப் போகாமலே இருந்திருக்கலாம். ஆனால் போனேன். அவள் சுவரோரம் பாயில் படுத்திருந்தாள். அவர் எட்டவே உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் இன்னமும் துணி கட்டியிருந்தார்கள்.

"நீங்க சொன்னபடியேதான் இருந்தோம்" என்றார் அவர். "எதுல தப்புப் பண்ணினோம்னு தெரியலை. மடப்பள்ளியில ரெண்டு பேருக்கு ஜுரம் இருந்தது. நான்தான் கொண்டு வந்துட்டேனோ?"

அவள் என் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கும் ஜுரம்னு விடுதியில சொன்னாளே. எப்போ வந்தது?"

குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. புருஷன் மனசில் இருந்த பாரத்தை இறக்கத்தான் கேட்டாளோ என்னவோ. ஒரு வார்த்தை, செவ்வாய்க்கிழமை என்று ஒரே ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் போதும்.

"சனிக்கிழமை" என்றேன்.

வாய் கூசாமல் வந்தது. அவளுக்குக் காய்ச்சல் கண்டதற்கு மறுநாள். இத்தனை வருஷத்தில், சர்ச்சில் சாமியாரிடம் செய்கிற பாவசங்கீர்த்தனத்தில்கூட நான் இதைச் சொன்னதில்லை. அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவர் மெல்லத் தலையை ஆட்டிக்கொண்டார்.

"அப்போ நான்தான்" என்றார்.