கண்ணுக்குக் கோணல்

இரும்புலியூரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்குப் பின்சுவர் முழுக்கக் கறுப்பு வெள்ளை டைல்ஸ். என் மனைவி ஜி.எஸ்.டி. ரோட்டுக் கடையில் பிடிவாதமாகப் பொறுக்கியது. ஒவ்வொரு வரிசையும் கீழ் வரிசையிலிருந்து அரை டைல் தள்ளி நிற்கும். நடுவே மெல்லிய சாம்பல் கோடு. ஒட்டி முடித்த அன்றே தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"என்னங்க இது, கோடெல்லாம் சரிஞ்சுகிட்டுப் போகுது!"

நான் கணக்கு வாத்தியார். சும்மா விடுவேனா? கொத்தனாரின் ரசமட்டத்தை வாங்கிக் கோட்டின் மேல் வைத்துக் காட்டினேன். குமிழி நடுவில் அசையாமல் நின்றது. கறுப்பும் வெள்ளையும் தள்ளித் தள்ளி இருப்பதால் கண்தான் ஏமாறுகிறது என்று பாடமே நடத்தினேன்.

"ரசமட்டமா இங்க உக்காந்து சாப்பிடப் போகுது? என் கண்ணுக்குக் கோணலா இருந்தா அது கோணல்தான்" என்றாள்.

அந்த வழக்கு கடைசி வரை முடியவில்லை. ரசத்தில் உப்பு குறைவு என்று சொன்னால்கூட, "ரசமட்டம் வச்சுப் பாருங்க" என்பாள். எனக்குச் சிரிப்பு வரும். காட்டிக்கொள்ள மாட்டேன்.

போன மாதம் அவளுடைய முதல் நினைவுநாள். வீட்டில் ஜெபம், சபையார் வருவார்கள். அதற்குள் அவள் படத்தை அந்தச் சுவரில், அவள் நாற்காலிக்கு மேலே மாட்டிவிட நினைத்தேன். ஆணி அடித்து மாட்டினேன். இப்போது போனிலேயே ரசமட்டம் இருக்கிறது. சட்டத்தின் மேல் வைத்தேன், பூஜ்யம் காட்டியது. தள்ளி வந்து பார்த்தால், பின்னால் கோடுகள் சரிந்து தெரிய, படமும் அவற்றோடு சரிந்து தெரிந்தது.

படம் மாட்ட இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பிடித்துக்கொள்ள, ஒருவர் தள்ளி நின்று "இன்னும் கொஞ்சம், ஆங், போதும்" என்று சொல்ல. எங்கள் வீட்டில் தள்ளி நின்று சொல்கிறவள் படத்துக்குள் இருந்தாள். அது உறைத்ததும் சுத்தியலை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். வீடு வெறிச்சென்று கிடப்பதுகூடப் பழகிவிட்டது. இது தாங்கவில்லை.

வெளிநாட்டிலிருக்கும் மகள் வீடியோ காலில் வந்தாள்.

"அப்பா, அம்மா படம் கோணலா இருக்கே."

"நேராத்தாம்மா இருக்கு. அளந்துட்டேன்."

"அளந்தா என்னப்பா? பாக்கக் கோணலாத்தானே இருக்கு."

அப்படியே அவள் அம்மாவின் குரல். ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டாள். நான் ஸ்டூலில் ஏறி, படத்தின் ஒரு மூலையை இம்மியளவு தூக்கினேன். இறங்கி, என் மனைவி தள்ளி நிற்கிற இடத்தில் நின்று பார்த்தேன். மறுபடி ஏறினேன், இறங்கினேன். கடைசியில் கண்ணுக்கு நேராக வந்தது. போனை மேலே வைத்துப் பார்க்கவில்லை.

ஜெபம் முடிந்து டீ குடிக்கும்போது சபையிலிருந்து வந்த ஒரு அக்கா கேட்டார்.

"படம் எவ்ளோ நேரா இருக்கு சார்! யார் மாட்டிக் கொடுத்தாங்க?"

"நாங்க ரெண்டு பேரும்தான்" என்றேன்.