கடைசி வரிசையில் துட்டி வண்டி

கார் வைத்திருக்கிறவர்களுக்கு மட்டும் ஒரு சினிமா கொட்டகை என்று கேள்விப்பட்டபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. சமயநல்லூரைத் தாண்டி, நாலு வழிச் சாலையை ஒட்டி நல்லகாமன் ஐயாவின் வயல் கிடந்தது. கொரோனாவில் டவுன் தியேட்டர்களெல்லாம் பூட்டிக் கிடந்த சமயம், அவர் அந்த வயலில் மண்ணடித்து மேடாக்கி, ஒரு முனையில் இரும்புத் தூண்களை நட்டு, மாடி வீட்டு உயரத்துக்கு வெள்ளைத் திரையை ஏற்றினார். காரில் வந்து, காரிலேயே உட்கார்ந்து படம் பார்த்து, அப்படியே கிளம்பிப் போக வேண்டியது. வெளியே சத்தம் கேட்காது. அவர்கள் சொல்கிற எண்ணைக் கார் ரேடியோவில் வைத்தால் வண்டிக்குள் மட்டும் பேச்சும் பாட்டும் வரும். எங்கள் தெருவில் எவனிடம் கார் இருக்கிறது? தெருக்குழாயடியில் நின்று அந்தக் கொட்டகையை நான் திட்டாத திட்டு கிடையாது. இப்போது அங்கேதான் பஜ்ஜியும் டீயும் போட்டுப் பிழைக்கிறேன். என் வாய் அப்படி.

என்னை அங்கே சேர்த்துவிட்டவர் சிவபாண்டி அண்ணன். எங்கள் தெருக்காரர். பேருக்கு மேனேஜர் என்றாலும் கேட் திறப்பதிலிருந்து கடைசிக் காரை அனுப்புவது வரைக்கும் எல்லாம் அவர்தான். நல்லகாமன் ஐயா சிம்மக்கல்லில் மொத்தக் கடை வைத்திருக்கிறார், மாதத்துக்கு ஒருமுறை வந்து எட்டிப் பார்ப்பதோடு சரி. இதே வயலில் சிவபாண்டி அண்ணனின் அப்பா காலமெல்லாம் கூலிக்கு ஏர் பிடித்தவர். மகன் அங்கே டார்ச் லைட்டை ஒரு ஆட்டு ஆட்டினால் எப்பேர்ப்பட்ட ஆளின் காரும் நின்றுவிடும்.

"லெப்ட்ல ஒடி... ஒடி... விடு. அம்புட்டுத்தான்."

ஒவ்வொரு காருக்கும் முன்னால் ஒரு மண் திட்டு இருக்கும். முன் சக்கரம் அதில் ஏறி நின்றால்தான் கழுத்து வலிக்காமல் திரையைப் பார்க்கலாம். மழை பெய்தால் திட்டு கரைந்துவிடும். மறுநாள் மத்தியானமே அண்ணன் மண்வெட்டியோடு நிற்பார். குட்டிக் கார்கள் முன்னால், உயரமான வண்டிகள் பின்னால், வேன்கள் கடைசி வரிசையில். அந்தக் கடைசி வரிசையைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் பக்கம் ஒரு பழக்கம் உண்டு. சாவு விழுந்த வீட்டில் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், அந்த வீட்டுப் பெண்ணின் பிறந்த வீட்டார் வந்து எல்லாரையும் சினிமாவுக்குக் கூட்டிப் போவார்கள். அதோடு துட்டி, அதாவது சாவுத் துக்கம், கழிந்தது என்று அர்த்தம். மறுநாளிலிருந்து கல்யாணம் காட்சிக்குப் போகலாம், நாலு வீட்டு வாசல் மிதிக்கலாம். படம் பார்க்காதவரை துக்கத்துக்குள்ளேயே கிடக்க வேண்டியதுதான். கார் கொட்டகை வந்த பிறகு பலருக்கு அது வசதியாகிவிட்டது. வேனில் ஊரிலிருந்து நேரே வரலாம், டவுன் தியேட்டரில் நாலு பேர் கண்ணில் படாமல் உட்காரலாம். மொட்டைத் தலையும் புதுத் துண்டுமாக ஆண்களும், கசங்காத சேலையில் பெண்களுமாக ஒரு வேன் கேட்டுக்குள் நுழைந்தாலே அண்ணனுக்குத் தெரிந்துவிடும். துட்டி வண்டி. கடைசி வரிசையில், வேப்பமரத்தடியில் நிறுத்துவார். எங்கள் கொட்டகையில் விசில் கிடையாது, கதாநாயகன் வந்தால் ஹாரன்தான். அண்ணன் பக்கத்துக் கார்களுக்கெல்லாம் போய்க் குனிந்து சொல்லிவிட்டு வருவார்.

"பின்னால துட்டி வண்டி நிக்குது. இன்னைக்கு ஹாரன் வேணாம்ணே."

நானும் அப்படி ஒரு வண்டியில்தான் முதன்முதலாக அங்கே போனேன். என் வீட்டுக்காரர் தவசி மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்த வருடம். என் அண்ணன் வேன் பிடித்து எங்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு போனான். திரையில் ஒருவன் அடுத்தவன் வேட்டியை மிதித்துக்கொண்டு நிற்க, அவன் நடக்கப் பார்க்க, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வண்டிக்குள் எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். மாமியார் என் தொடையில் கிள்ளிய கிள்ளு இப்போதும் நினைத்தால் வலிக்கிறது. அவமானத்தில் கீழே இறங்கி மரத்தடியில் நின்று அழுதேன். சிவபாண்டி அண்ணன் டார்ச்சைத் தரையைப் பார்த்துப் பிடித்தபடி வந்தார்.

"சிரிக்கத்தான தாயி கூட்டியாந்துருக்காக. மொதல்ல சிரிக்கிறவுக மேல எல்லாருக்கும் கோவம் வரும். கொஞ்ச நேரத்துல அவுகளும் சிரிப்பாக. நான் தெனம் பாக்குறேன். போ, போயி உக்காரு."

அவர் சொன்னது பொய்யில்லை. படம் முடிவதற்குள் என் மாமியாரே சிரித்தார். எனக்கு அன்றைக்குத்தான் சோறு இறங்கியது. அதனால் சிவபாண்டி அண்ணனை யாராவது ஒரு வார்த்தை சொன்னால் நான் சும்மா இருக்க மாட்டேன்.

போன பங்குனியில் அவருடைய ஒரே மகன் சூர்யபிரகாஷ் செத்துப்போனான். கப்பலூரில் ஒரு கம்பெனியில் வேலை. ஷிப்ட் முடிந்து பைக்கில் வந்தவனை ரிங் ரோட்டில் லாரி அடித்துவிட்டது. நல்ல பிள்ளை. அப்பனின் அச்சு. அதே அகல நெற்றி, அதே மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பது. கொட்டகையில் இருட்டில் வந்து நின்றால் நானே, "அண்ணே, டீ" என்று நீட்டிவிடுவேன். "அத்தை, நான் பெரிய ஓனரு இல்ல, சின்ன ஓனரு" என்று சிரிப்பான். அவனைப் பற்றி இதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை.

பதினாறு முடிந்த அன்று சாயங்காலம், அண்ணன் மனைவி ஜெயக்கொடி மதினியின் தம்பி வீரணன் வேனோடு வந்து நின்றான். அது அவன் முறை. அண்ணன் எழுந்திருக்கவில்லை.

"இன்னைக்கு வேணாம் மாப்ள. இன்னொரு நா பாப்போம்."

அந்த இன்னொரு நாள் வரவேயில்லை. சித்திரை போனது, வைகாசி போனது. வீரணன் கேட்கும்போதெல்லாம், "தெனமும் சினிமாவுலதான கெடக்கேன், எனக்கு எதுக்குத் தனியா ஒரு சினிமா?" என்பார். அவர் பாட்டுக்கு வேலைக்கு வந்துவிடுவார். துட்டி வண்டிகளை நிறுத்துவார், மற்றவர்களுக்கு ஆறுதல் சொல்வார். மதினிதான் வீட்டுக்குள்ளேயே கிடந்தாள். கோயில் கிடையாது, கடை கிடையாது. ரேஷனுக்குக்கூட நான்தான் போனேன்.

ஆடியில் வீரணன் மறுபடி வந்தான். நானும் அப்போது அங்கே இருந்தேன். அவன் மகள் தமிழ்வாணிக்கு ஆவணியில் கல்யாணம் வைத்திருந்தார்கள். சூர்யாவுக்குத்தான் அவளைக் கொடுப்பதாகச் சின்ன வயதிலிருந்தே பேச்சு. அந்தப் பிள்ளையும் எத்தனை நாள் காத்துக்கிடக்க முடியும்? வெளியில் ஒரு இடம் அமைந்துவிட்டது. வீரணன் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"அக்கா இல்லாம நான் எப்புடி மாமா பந்தக்கால் ஊன்றது? அத்தைக்காரி நின்னு செய்ய வேண்டியதெல்லாம் இருக்கு. ஒரு படம், ஒரே ஒரு படம். துட்டியக் கழிச்சு விடுங்க."

அண்ணனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "என் மகன் நிக்க வேண்டிய எடத்துல எவனோ நிக்கிறதப் பாக்கவா, நான் சினிமா பாத்துச் சிரிச்சுட்டு வரணும்? படத்தப் பாத்துட்டா அவன் போயிட்டான்னு ஆயிருமடா."

அதுவரைக்கும் வாயே திறக்காமல் இருந்த மதினி எழுந்து வந்தாள். அவள் குரலே மாறிப்போயிருந்தது.

"அவன் போயிட்டான். பங்குனியிலயே போயிட்டான். ஊரு சனத்துக்கெல்லாம் சிரிங்க, தப்பில்லன்னு சொல்லுறீக. பொண்டாட்டிய மட்டும் நாலு செவுத்துக்குள்ள வச்சிருக்கீக. எனக்கு மூச்சு முட்டுது. நான் செத்தாத்தான் வெளிய கூட்டிட்டுப் போவீகளா?"

அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். போகிற போக்கில், "நாளைக்கு வண்டியக் கொண்டா மாப்ள. நம்ம கொட்டகைக்கே போவோம்" என்றார். அவள் அந்தக் கொட்டகைக்கு அதுவரை வந்ததேயில்லை. மேனேஜர் பெண்டாட்டிதான், ஆனால் கார் இல்லையே.

மறுநாள் முதல் காட்சிக்கு அவர்கள் வந்தார்கள். வீரணன் எடுத்துக் கொடுத்த புது வேட்டி, புது சேலை. டார்ச்சை என்னிடம் கொடுத்திருந்தார் அண்ணன். நானும் பெரிய இவள் மாதிரி ஆட்டினேன். ஒருவன் திட்டுக்குப் பதிலாகப் பள்ளத்தில் இறங்கிவிட்டான், இன்னொருவன் என் பஜ்ஜி அடுப்பை நோக்கியே வந்தான். வேனுக்குள் உட்கார்ந்திருந்த அண்ணனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "தாயி, அந்த வெள்ளை வண்டிக்காரன லைட்ட அமத்தச் சொல்லு" என்று கத்திக்கொண்டே இருந்தார். படம் ஓட ஆரம்பித்த பிறகும் அவர் கண் திரையில் இல்லை, கார்களின் மேல்தான். மதினி முழங்கையால் ஒரு இடி இடித்தாள்.

இடைவேளை முடிந்ததும் இரண்டாவது வரிசையில் ஒரு காருக்கு பேட்டரி இறங்கிவிட்டது. இஞ்சினை அணைத்துவிட்டு ரேடியோவை மட்டும் ஓட விட்டால் இந்தத் தொல்லை அடிக்கடி வரும். அண்ணன் அதற்காகவே காத்திருந்தவர் போல ஒயரைத் தூக்கிக்கொண்டு ஓடினார். வீரணனும் கூடவே போனான்.

நான் மதினிக்கு டீ எடுத்துக்கொண்டு வேனுக்குப் போனேன். திரையில் ஒரு மாப்பிள்ளை வீட்டுக் கூட்டம் பெண் பார்க்க வந்து, தப்பான வீட்டில் நுழைந்து, கேசரியைக் காலி செய்துகொண்டிருந்தது. மதினி சீட்டின் நுனிக்கு வந்திருந்தாள். முதலில் மூக்கால் ஒரு சத்தம். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அப்புறம் கையை எடுத்துவிட்டுச் சிரித்தாள் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வழிய, முன் சீட்டைத் தட்டித் தட்டி. "ஏ கிளி, அந்தக் கிழவனப் பாரேன்" என்று என் கையைப் பிடித்து இழுத்ததில் டீ கொட்டிவிட்டது. எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

அப்போதுதான் அண்ணனைப் பார்த்தேன். வேலை முடித்துத் திரும்பியவர், வேனுக்கு முன்னால் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். கண்ணாடி வழியாக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அவர் முகத்தில் கோபம் இல்லை. பங்குனிக்குப் பிறகு அவர் முகம் அவ்வளவு லேசாக இருந்து நான் பார்த்ததில்லை. சின்னதாகச் சிரித்துக்கொண்டே வந்து கதவைத் திறந்து, ஒரு காலை உள்ளே வைத்தார்.

மதினி திரும்பினாள். அவர் முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

அண்ணன் காலை எடுத்துக்கொண்டார்.

"நீ பாரு ஜெயக்கொடி. எனக்கு முன்னால கொஞ்சம் வேலை கெடக்கு" என்று சொல்லிவிட்டுக் கதவை மெதுவாகச் சாத்தினார்.

ஒரு வேலையும் இல்லை என்று எனக்குத் தெரியும். இன்னொரு டீயை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். திரைக்குப் பின்னால் இரும்புத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"என்னண்ணே இது? மதினிய அழ விட்டுட்டு இங்க வந்து நிக்கிறீக?"

"அவ சிரிச்சா தாயி. நீ பாத்தியா?"

"பாத்தேன். நல்லதுதான?"

"நல்லதுதான்." தூணை விடாமலே சொன்னார். "அவன் என் மூஞ்சி, தாயி. ஊரே சொல்லும். நான் எதுக்க வந்தா அவளுக்கு அவன்தான் வாரான். எந்நேரமும் இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் அவ முன்னாடியே நின்னா அவ எப்புடிச் சிரிப்பா, சொல்லு?"

வாயாடி என்று பெயர் எடுத்தவள் நான். கையில் டீயை நீட்டிக்கொண்டே நின்றேன். டீ ஆறிப்போனதுதான் மிச்சம்.

மதினி வேனில் அண்ணன் இல்லாமலே படத்தை முடித்தாள். துட்டி கழிந்தது. ஆவணியில் தமிழ்வாணி கல்யாணத்தில் அத்தைக்காரியாக நின்று எல்லாம் செய்தாள். கொட்டகையை விட்டு வர முடியாது என்று அண்ணன் போகவில்லை. இப்போது மதினி என்னோடு கேன்டீனில் வெங்காயம் நறுக்குகிறாள், மாவு கரைக்கிறாள். நான் எதையாவது உளறுவேன், அவள் சிரிப்பாள். அந்தச் சத்தம் கேட்டால் அண்ணன் நடையை நிறுத்திவிடுவார். டீ குடிக்க வந்தவர், அப்படியே திரும்பி, கார்களுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு கேட்டுப் பக்கம் போய்விடுவார். வீட்டிலும் அவள் தூங்கிய பிறகுதான் போகிறாராம்.

நேற்று முதல் காட்சிக்கு முன்னால் மதினி எண்ணெய்ச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"ஏன் கிளி, நான் சிரிக்கிறது உங்க அண்ணனுக்குப் பிடிக்கலையோ?"

நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தேன்.

"புள்ளையத் தின்னுட்டு இவளுக்கு என்ன சிரிப்புன்னு நெனைக்கிறாரு போல. மூஞ்சிகூடக் குடுக்க மாட்டேங்குறாரு. இனிமே நான் சிரிக்கலடி" என்றாள்.